ஆறுமணிக் குருவிக்கு எத்தனை வெளிச்சம்?

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும்போது நம் தோப்புகளில் ஒரு புதிய விசில் சத்தம் கேட்கத் தொடங்கும். இரண்டே சுரம். முதலாவது ஏறும், இரண்டாவது சறுக்கி இறங்கும். பொழுது புலரும் வேளையிலும் பொழுது சாயும் வேளையிலும் தவறாமல் கூவுவதால் அந்தப் பறவைக்குத் தமிழில் ஆறுமணிக் குருவி என்று பெயர்.

மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் அது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இறங்கி வருகிறது. வந்த களைப்பில் சென்னை வீடுகளின் வராந்தாவிலும் மாடிப்படியிலும் வந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. மைனாவைவிடச் சிறிய உடம்பு, நீண்ட கால்கள், ஒட்ட மறந்து பிறகு அவசரமாக ஒட்டியதுபோல் ஒரு குட்டை வால். முதுகில் பச்சை, தோளில் பளீர் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, தொண்டையில் வெள்ளை, கண்ணின் குறுக்கே மை தீட்டியதுபோல் தடித்த கறுப்புப் பட்டை. வடக்கே இதை ‘நவரங்’ என்கிறார்கள். ஒன்பது நிறம்.

ஒன்பது நிறத்தையும் வைத்துக்கொண்டு அது போய் நிற்கும் இடம்தான் வேடிக்கை. மரத்தடி நிழல், நிழலுக்குள் புதர், புதருக்கு அடியில் ஈரச் சருகு. அங்கேதான் தத்தித் தத்தி நடந்து, அலகால் சருகைப் புரட்டி, புழுவும் பூச்சியும் பொறுக்கும். கூவும் நேரமோ வெளிச்சம் இன்னும் வராத நேரம், அல்லது வந்த வெளிச்சம் கிளம்பிவிட்ட நேரம். இடமும் இருட்டு, நேரமும் இருட்டு. கேமராவோடு காட்டுக்குள் போகிறவர்களிடம் ‘பார்த்தேன், ஆனால் படம் வரவில்லை’ என்று அவர்கள் சொல்லும் பறவைகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் ஆறுமணிக் குருவிக்கு முதல் வரிசையில் இடம்.

அங்கே கைகொடுப்பது ஃபிளாஷ். கல்யாண மேடைக்கு எதிரே பளிச் பளிச்சென்று வெட்டுகிற அதே கருவிதான். காட்டுக்குள் அதன் வேலை கொஞ்சம் நாசூக்கானது. ஒரு பறவைக்குத் துளி வெளிச்சத்தைக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, கொடுத்த சுவடு தெரியாமல் விலகிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒளி, காலம், தூரம், நிறம் என்று நான்கு கணக்குகளும் ஒத்துவர வேண்டும்.

கூரைக்குக் கீழே நூற்றில் ஒன்று

உச்சி வெயிலில் வெட்டவெளியில் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்ந்த பசுமைமாறாக் காடு போன்ற இடங்களில், இலைகள் அடுக்கடுக்காக ஒளியைத் தின்றது போக, தரைக்கு வந்து சேர்வது நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான். ஒரு பங்கு என்றே வைத்துக்கொண்டால் 1,000 லக்ஸ். நம் கண்ணுக்கு அது இருட்டாகத் தெரியாது. விளக்கெரியும் அலுவலக அறையில் இதில் பாதிதான் இருக்கும். அதில் நாம் கோப்பு படிக்கிறோம். கண்ணும் மூளையும் உள்ளே வந்த ஒளிக்குத் தக்கபடி தம்மைத் திருத்திக்கொள்கின்றன. கேமராவிடம் அந்தச் சலுகை கிடையாது. அது ஒளியைச் சில்லறையாக எண்ணி வாங்கும்.

ஃபிலிம் காலத்திலிருந்து வழங்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. நல்ல வெயிலில், லென்ஸின் துளை எஃப் 16 என்ற அளவில் இருந்தால், ஒளியுணர்வின் அளவான ஐஎஸ்ஓ 100-க்கு 1/100 நொடி ஷட்டர் திறந்திருந்தால் போதும். பறவைப் படத்துக்குப் பயன்படும் நீளமான லென்ஸ்கள் பலவும் எஃப் 5.6 வரை திறக்கும். அது எட்டு மடங்கு அதிக ஒளி. ஆகவே 1/800 நொடி. இனி காட்டுக்குள் வாருங்கள். ஒளி நூறு மடங்கு குறைகிறது; ஷட்டர் நூறு மடங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். 1/800 இப்போது 1/8 நொடி ஆகிவிட்டது. சருகு புரட்டும் பறவையின் தலை அந்த நேரத்துக்குள் கீழே போய் மேலே வந்துவிடும். படத்தில் தலைக்குப் பதில் ஒரு புகைக்கீற்றுதான் இருக்கும். அசைவைப் பிடிக்கக் குறைந்தது 1/250 நொடியாவது வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்ற வேண்டும்.

இது உச்சி வெயில் நேரத்துக் கணக்கு. குருவி கூவுகிற ஆறு மணிக்கு என்ன ஆகும்? சூரியன் மறைகிற கணத்தில் வெட்டவெளியிலேயே ஒளி சுமார் 400 லக்ஸாக இறங்கிவிடும். அதில் நூற்றில் ஒரு பங்கு என்றால் மரத்தடியில் 4 லக்ஸ். எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100 என்ற அதே அமைப்பில் இப்போது ஷட்டர் ஏறத்தாழ அரை நிமிடம் திறந்திருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 3200-லும் ஒரு முழு நொடி. அந்த ஒரு நொடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதனிடம் திரும்பி வருவோம்.

ஐஎஸ்ஓவை இன்னும் ஏற்றினால் போயிற்று என்று தோன்றும். ஏற்றலாம். ஆனால் படத்தில் குருணை விழும். வழவழப்பாக இருக்க வேண்டிய இறகின் மேல் உடைந்த அரிசியைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். பலரும் இதைக் கேமராவின் குறை என்று நினைக்கிறார்கள். பெரும்பகுதி குற்றம் கேமராவுடையதே அல்ல. ஒளியின் குணம் அது.

முற்றத்தில் நூறு கிண்ணங்களை வரிசையாக வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடைமழை பெய்தால் எல்லாக் கிண்ணத்திலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். நாலு தூறல் போட்டு நின்றுவிட்டால்? ஒரு கிண்ணத்தில் ஐந்து துளி, பக்கத்துக் கிண்ணத்தில் இரண்டு, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. வானம் எல்லாவற்றுக்கும் பொதுவாகத்தான் பெய்தது. துளிகள் குறைவானதால் ஏற்றத்தாழ்வு கண்ணில் படுகிறது. ஒளியும் ஃபோட்டான் என்னும் துளிகளாகத்தான் வருகிறது. கேமராவின் சென்சரில் இருக்கும் கோடிக்கணக்கான கிண்ணங்களில் ஒவ்வொன்றிலும் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால், கிண்ணத்துக்குக் கிண்ணம் 100 கூடக்குறைய இருக்கும். நூற்றில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான்தான் விழுந்தது என்றால் 10 கூடக்குறைய. நூற்றில் பத்து, அதுதான் குருணை. எவ்வளவு விலை உயர்ந்த கேமராவானாலும் தூறலை அடைமழையாக்க முடியாது. இன்றைய மென்பொருள்கள் குருணையை அழகாகத் துடைத்துவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் வராத துளி வராததுதான். அந்த இடத்தை மென்பொருள் ஊகத்தால் நிரப்புகிறது. அசலாக வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் மழை வேண்டும்.

மருந்துப்பொடியிலிருந்து கண்ணாடிக் குழாய்க்கு

செயற்கை மின்னலை முதலில் மருந்தாக இடித்துத்தான் செய்தார்கள். 1887-ல் ஜெர்மனியில் அடோல்ஃப் மீத்தேயும் யோகான்னஸ் கேடிக்கேயும் மெக்னீசியத் தூள், பொட்டாசியம் குளோரேட், ஆன்டிமனி சல்ஃபைடு மூன்றையும் கலந்து ஒளிப்பொடி தயாரித்தார்கள். சிவகாசிப் பக்கம் தீப்பெட்டித் தொழில் தெரிந்தவர்களுக்குக் கடைசி இரண்டும் பழகிய சரக்கு. பற்றவைத்தால் ஒரு வெடி, ஒரு பெரும் வெள்ளை வெளிச்சம், அப்புறம் புகை மண்டலம்.

அந்தப் பொடியை எடுத்துக்கொண்டு படகேறியவர் ஜார்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர். இரவில் ஏரிக்கரையில் தண்ணீர் குடிக்க வரும் மான்களைப் படகிலிருந்தபடி அவர் எடுத்த படங்களும் மற்ற காட்டுயிர்ப் படங்களுமாக 74 படங்களை நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1906 ஜூலையில் வெளியிட்டது. இருட்டில் காட்டுவிலங்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை மக்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தது அப்போதுதான். ஆனால் பறவைக்கு அந்தப் பொடி சரிப்படாது. ஒரு வெடிக்கு மேல் எந்தப் பறவை காத்திருக்கும்? சிறகடிப்பை நிறுத்திக் காட்டும் அளவுக்கு அந்த வெளிச்சம் சுருக்கமானதும் அல்ல.

திருப்பம் வந்தது பறவைகளோடு சம்பந்தமே இல்லாத ஒரு பட்டறையில். 1930-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் என்ற பொறியாளர், சுழலும் மின்மோட்டார்களை நின்றதுபோல் நிறுத்திப் பார்க்க விட்டுவிட்டு எரியும் மின்விளக்கைச் செய்துகொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்திக் காட்டிய விளக்கு, தெறிக்கும் பால்துளியையும் நிறுத்தியது. நொடிக்குச் சுமார் 50 தடவை சிறகடிக்கும் ரீங்காரச் சிட்டையும் நிறுத்தியது. வெறும் மங்கலாக மட்டுமே கண்ணில் பட்டுவந்த சிறகு, இறகு இறகாகப் படத்தில் நின்றது.

இன்று கேமராவின் தலைமேல் உட்காரும் ஃபிளாஷுக்குள் இருப்பதும் அந்த வம்சத்துக் குழாய்தான். நான்கு சிறிய பேட்டரிகளின் 6 வோல்ட்டை ஒரு சுற்று 300 வோல்ட்டுக்கு ஏற்றி, மின்தேக்கி என்னும் தொட்டியில் நிரப்புகிறது. தொட்டியின் வாய் செனான் வாயு அடைத்த ஒரு கண்ணாடிக் குழாயோடு இணைந்தே இருக்கிறது. ஆனாலும் ஒன்றும் நடப்பதில்லை. செனான் மின்சாரத்துக்கு வழிவிடாது. பொத்தானை அழுத்தியதும் குழாயின் மேல் சில ஆயிரம் வோல்ட் ஒரு கணம் சுண்டுகிறது. வாயுவின் அணுக்கள் உடைந்து வழி திறக்கிறது. தொட்டி முழுவதும் அந்த வழியில் பாய்கிறது. அதுதான் மின்னல். மேகத்துக்கும் பூமிக்கும் நடுவே நடக்கும் அதே கதை, ஒரு விரல் நீளக் குழாய்க்குள்.

முழுச் சக்தியோடு அடித்தால் மின்னல் ஏறத்தாழ 1/1000 நொடி நீடிக்கும். சக்தியைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதில்தான் அழகு இருக்கிறது. வெளிச்சத்தை மங்கலாக்குவதில்லை, பாதியில் வெட்டிவிடுகிறார்கள். பதினாறில் ஒரு பங்கு சக்தி என்றால் சுமார் 1/10,000 நொடியில் முடிந்துவிடும். 128-ல் ஒரு பங்கு என்றால் 1/40,000 நொடி. குறைவாகக் கேட்கக் கேட்கக் கூர்மை கூடுகிற கத்தி இது.

ஒலியின் அளவான மாத்திரைக்குத் தொல்காப்பியம் வைத்த அளவுகோல் கண்ணிமைப்பதும் கை நொடிப்பதும். கண் இமைக்கக் குறைந்தது பத்தில் ஒரு நொடி ஆகும். அந்த ஒரு இமைப்புக்குள் மேற்சொன்ன 1/10,000 நொடி மின்னல்கள் ஆயிரத்தை வரிசையாக அடுக்கலாம். இத்தனைக்கும் ஒரு மின்னலுக்கு ஆகும் ஆற்றல் 3 ஜூல் அளவில்தான் இருக்கும். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு அடி தூக்கி மேசையில் வைக்கும் உழைப்பு. அதையே 1/10,000 நொடிக்குள் கொட்டுவதால் அந்தக் கணத்தில் மட்டும் அது 30,000 வாட். பதினைந்து ஏசிகள் சேர்ந்து இழுக்கும் மின்சாரம்.

ஒரே படத்தில் இரண்டு படங்கள்

ஃபிளாஷ் வாங்கிய புதிதில் எல்லோரும் எடுக்கும் படம் ஒன்று உண்டு. நடுவில் பறவை வெள்ளை வெளேரென்று நிற்கும். சுற்றிலும் தார் பூசியதுபோல் கறுப்பு. பட்டப்பகலில் எடுத்த படம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

காரணம் தூரம். புள்ளி போன்ற விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி போகப் போகப் பரவுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகிறது, நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்று. பறவை 5 மீட்டரில் இருக்கிறது, அதன் பின்னால் மரக்கூட்டம் 20 மீட்டரில் இருக்கிறது என்றால், பறவைக்குக் கிடைத்ததில் பதினாறில் ஒரு பங்குதான் மரங்களுக்கு. சூரியனிடம் இந்தப் பாரபட்சம் இல்லை. 15 கோடி கிலோமீட்டர் தள்ளியிருப்பவருக்கு 5 மீட்டரும் 20 மீட்டரும் ஒன்றுதான். வழியில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் இலைக்கோ ஃபிளாஷ் அள்ளிக் கொடுத்துவிடும். இரண்டரை மீட்டரில் இருக்கும் இலை பறவையைவிட நான்கு மடங்கு ஒளி வாங்கி, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப்போகும்.

இதைச் சமாளிக்கிற வித்தை, ஃபிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படமும் உண்மையில் இரண்டு படங்கள் என்று புரிந்துகொள்வதில் தொடங்குகிறது. ஒன்று, காட்டின் சொந்த வெளிச்சத்தில் விழும் படம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அது வெளுக்கும். மற்றொன்று, மின்னலின் படம். அது 1/10,000 நொடியில் முடிந்துவிடுவதால், ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தாலும் 1/125 நொடி திறந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆக, பின்னணி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை ஷட்டர் தீர்மானிக்கும். பறவை எவ்வளவு மிளிர வேண்டும் என்பதை ஃபிளாஷின் சக்தி தீர்மானிக்கும். இரண்டு குழாய்களைத் தனித்தனியாகத் திருகி ஒரே வாளியை நிரப்புவது போல.

நம் குருவிக்கே கணக்குப் போடலாம். அது 7 மீட்டரில் நிற்கிறது, நேரம் நடுப்பகல். ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6. நூற்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில் காட்டை உள்ளபடி பதிவுசெய்ய 1/60 நொடி வேண்டும். 1/125 வைத்தால் காடு ஒரு படி மங்கலாகப் பின்வாங்கும். நிழல் நிழலாகவே தெரியும், கறுத்துப்போகாது. நல்ல திறனுள்ள ஒரு ஃபிளாஷ் இந்த அமைப்பில் முழுச் சக்தியோடு 28 மீட்டர் வரை எட்டும். 7 மீட்டர் அதில் நான்கில் ஒன்று. ஆகவே பதினாறில் ஒரு பங்கு சக்தியிலேயே பறவை முழு வெளிச்சத்தில் நிற்கும். அதிலும் பாதியோ கால்வாசியோ கொடுத்தால் போதும் என்பார்கள் கைதேர்ந்தவர்கள். காட்டின் ஒளி அடித்தளம் போட, மின்னல் அதன் மேல் இறகின் கோடுகளையும் கண்ணின் சிறு பொட்டு ஒளியையும் எழுதிவிட்டுப் போகும். பார்ப்பவருக்கு ‘நல்ல வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார்கள்’ என்று மட்டும் தோன்றும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கேமராவின் ஷட்டர் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகள். பல கேமராக்களில் 1/250 நொடிக்கு மேல் வேகமாகப் போனால், முதல் திரை முழுதாகத் திறப்பதற்குள் இரண்டாவது மூடத் தொடங்கிவிடும். சென்சரின் மேல் ஒரு கீற்று இடைவெளிதான் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது மின்னல் அடித்தால் படத்தில் ஒரு பட்டைக்கு மட்டும் வெளிச்சம் விழும். அதற்காக ஃபிளாஷை ஒரே வெட்டாக வெட்டாமல் சரசரவென்று பல துடிப்புகளாகப் பிரித்து அடிக்கும் முறையும் இருக்கிறது. அதில் வீச்சு வெகுவாகக் குறைந்துவிடும்.

பறவை உயரமான கிளையில் தள்ளி இருந்தால் ஒளியைக் குவித்து அனுப்ப வேண்டும். அதற்குப் பயன்படுவது கலங்கரை விளக்கத்தின் தொழில்நுட்பம். கனமான குவிலென்ஸை வளையம் வளையமாக நறுக்கித் தட்டையாக்கும் யோசனைக்கு அகுஸ்தீன் ஃபிரெனெல் வடிவம் கொடுக்க, 1823-ல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது ஏறியது. அதே வரிகள் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஃபிளாஷின் முன்னால் மாட்டினால், அகலமாகச் சிதறவிருந்த ஒளி நீளமான லென்ஸ் பார்க்கும் குறுகிய வட்டத்துக்குள் குவிந்து வெகுதூரம் போகும். ஓர் எச்சரிக்கை: லென்ஸ் இரண்டு பக்கமும் வேலைசெய்யும். கேமராவை வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், அந்தத் தாள் சூரியனைக் குவித்து ஃபிளாஷின் முகத்தையே பொசுக்கிவிடும். பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்த பள்ளிக்கூட விளையாட்டுதான்.

எந்த நிறம் நிஜ நிறம்?

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப் புறா. அதுவும் காட்டுத் தரையில் நடமாடும் பறவைதான். நிழலில் நடக்கும்போது அதன் முதுகு ஏதோ மங்கலான கரும்பச்சையாகத் தெரியும். இலைக்கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் பொட்டில் கால் வைத்ததும் முதுகு பற்றிக்கொண்டதுபோல் பச்சையாக மின்னும். அடுத்த அடியில் அணைந்துவிடும்.

பறவைகளின் நீலமும் மின்னும் பச்சையும் பெரும்பாலும் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிழைக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அடுக்குகளிலும் துளைகளிலும் ஒளி பட்டுத் திரும்பும்போது சில அலைநீளங்கள் வலுக்கின்றன, மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சோப்புக் குமிழியின் வண்ணம் போல. ரீங்காரச் சிட்டுகளின் தொண்டை நிறத்தை 1960-ல் இப்படி அடுக்கடுக்காக அளந்து விளக்கிய குழுவில் ஒருவர் கிராஃபர்ட் கிரீன்வால்ட். டியூபாண்ட் வேதியியல் நிறுவனத்தின் தலைவர்; ஓய்வு நேரத்தில் அதிவேக ஃபிளாஷ் அமைத்து ரீங்காரச் சிட்டுகளைப் படமெடுத்தவர். மின்னலடித்து நிறுத்திய இறகில் அவர் பார்த்த நிறம், அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையும் கூடவே கொண்டுவந்திருக்க வேண்டும். அந்தச் சிட்டுகளின் இறகில் மெலனின் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன, தட்டுகளுக்குள் காற்றுக்குமிழிகள்.

இப்படிப்பட்ட நிறம் ஒளி வரும் கோணத்தையும் பார்க்கும் கோணத்தையும் பொறுத்தது. ஃபிளாஷ் கேமராவை ஒட்டியே இருப்பதால், போன வழியே திரும்பிவரும் நிறத்தை அது நன்றாக வாங்கிக்கொள்ளும். நேரில் மங்கலாகக் கண்ட புறா படத்தில் மரகதமாக நிற்பது அதனால்தான்.

அப்படியானால் ஃபிளாஷ் காட்டுவதுதான் நிஜ நிறமா? இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபிளாஷின் ஒளி ஏறத்தாழ நண்பகல் வெயிலின் வெண்மை. காட்டுக்குள் அப்படி ஒரு வெண்மை அபூர்வம். 1993-ல் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் காடுகளுக்குள் ஒளியை அளந்து அதற்கே நிறங்கள் இருப்பதைக் காட்டினார். அடர்ந்த நிழலில் மஞ்சள் கலந்த பச்சை, நீலவானம் பார்த்த திறந்த நிழலில் நீலம், சிறிய இடைவெளியில் விழும் வெயிலில் செம்மஞ்சள், விடியலிலும் அந்தியிலும் ஊதா. ஒரே இறகு இந்த நான்கு இடத்திலும் நான்கு விதமாகத் தெரியும். இணையைக் கவர நிற்க வேண்டிய இடம் ஒன்று, பருந்தின் கண்ணுக்குத் தப்ப நிற்க வேண்டிய இடம் இன்னொன்று என்று பறவைகள் வெளிச்சத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்க இதில் வாய்ப்பு இருக்கிறது.

போதாததற்கு, நமக்கு நிறம் காண மூன்று வகைக் கூம்புச் செல்கள், பறவைக்கு நான்கு. நான்காவது வகையால் பல பறவைகள் புற ஊதா ஒளியையும் பார்க்கின்றன. சாதாரணக் கேமராவின் சென்சர் அந்த ஒளியை வாசலிலேயே வடிகட்டிவிடுகிறது. ஆறுமணிக் குருவியை எவ்வளவு துல்லியமாகப் படமெடுத்தாலும், இன்னொரு ஆறுமணிக் குருவி பார்க்கும் ஆறுமணிக் குருவி அதில் இருக்காது. ஃபிளாஷ் காட்டுவது நம் கண்ணுக்கான ஒரு மொழிபெயர்ப்பு. நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் மின்னலின் முன் மெல்லிய வண்ணத்தாள் ஒட்டி, வெண்மையைக் காட்டின் நிறத்தோடு கொஞ்சம் சமாதானப்படுத்துவார்கள்.

கண்ணெதிரே மின்னல்

பறவைக்கு இந்த மின்னலால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. பறவைகளின் கண் நம்முடையதைவிட வேகமானது. விளக்கு நொடிக்கு 60 தடவைக்கு மேல் விட்டுவிட்டு எரிந்தால் நமக்கு அது தொடர்ந்து எரிவதாகத் தோன்றிவிடும். நீலப் பட்டாணிக்குருவியும் ஈப்பிடிப்பான்களும் சுமார் 145 தடவை வரை விட்டுவிட்டு எரிவதைப் பிரித்தறிகின்றன என்று 2016-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே மின்னல் பறவைக்குத் தெரியாமல் போகாது. ஆனால் மிரண்டு துள்ள உடம்பு முடிவெடுப்பதற்குள் படம் விழுந்து முடிந்துவிடும். தானியங்கி முறையில் மட்டும், ஒளியை அளந்து பார்க்கக் கேமரா முதலில் ஒரு சிறு முன்மின்னல் அடிக்கும். அதற்கும் உண்மையான மின்னலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி துடியான பறவைக்குப் போதுமானது. கல்யாணப் படத்தில் சிலர் எப்போதும் கண்மூடியே விழுவதற்கும் இதே முன்மின்னல்தான் காரணம்.

இரவுப் பறவைகளின் விஷயம் வேறு. கிராமத்துச் சாலையில் இரவில் வண்டி ஓட்டியவர்களுக்குப் பக்கியைத் தெரியும்: ஹெட்லைட்டில் தரையோடு தரையாக இரண்டு தணல்கள். அதன் விழித்திரையில் ஒளியைத் திருப்பியடிக்கும் ஓர் அடுக்கு இருக்கிறது; முதல் தடவை தவறிய ஒளியை இரண்டாம் தடவை பிடிக்க இயற்கை வைத்த கண்ணாடி. 10 மீட்டர் தள்ளி நின்று, லென்ஸுக்கு ஒரு சாண் மேலே ஃபிளாஷை வைத்தால் இரண்டுக்கும் இடையே கோணம் ஒரு டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும்; கண்ணுக்குள் போன ஒளி நேராக லென்ஸுக்கே திரும்பி, படத்தில் கண் எரியும். ஃபிளாஷைக் கம்பியில் உயர்த்தியோ தள்ளியோ வைப்பது இதனால்தான். ஆனால் படம் திருந்துவதால் பறவையின் சங்கடம் தீர்ந்துவிடாது. மனிதக் கண்ணுக்கே இருட்டு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகிறது. இருட்டில் வேட்டையாடிப் பிழைக்கும் ஆந்தையின் முகத்தில் திரும்பத் திரும்ப மின்னலடிப்பது, எலி பிடிக்கப் போகிறவரின் விளக்கை ஊதி அணைப்பது போன்ற காரியம்.

ஆந்தைகள் பதில் சொல்லாமல் இருந்ததும் இல்லை. பிரிட்டனின் புகழ்பெற்ற பறவைப் படக்காரர் எரிக் ஹாஸ்கிங் 1937-ல் வேல்ஸில் ஆந்தைக் கூட்டருகே போனபோது, இருட்டில் ஓசையில்லாமல் வந்த பறவையின் நகத்தால் இடது கண்ணை இழந்தார். அந்தப் பறவைமேல் அவர் பகை வைத்துக்கொள்ளவில்லை; ஒற்றைக் கண்ணோடு ஆந்தைகளைத் தொடர்ந்து படமெடுத்தார். 1970-ல் வந்த தன் சுயசரிதைக்குப் பறவைக்காகக் கொடுத்த கண் என்று பொருள்படும்படி சிலேடையாகத் தலைப்பும் வைத்தார்.

நம் நாட்டில் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவைகளின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை ‘வேட்டை’ என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. துப்பாக்கி தூக்க வேண்டியதில்லை. நல்ல படத்துக்காகக் கூட்டின் மறைப்புக் கிளையை விலக்கினாலே போதும். சரணாலயத்துக்குள் படமெடுக்க அனுமதி வாங்க வேண்டும். பல புலிகள் காப்பகங்களில் ஃபிளாஷுக்கே அனுமதியில்லை. சட்டம் எட்டாத தோப்பிலும் ஒரு அளவுகோல் உண்டு: மின்னலுக்குப் பிறகும் பறவை தன் வேலையைத் தொடர்கிறதா? சருகு புரட்டல் நின்று, தலை நிமிர்ந்து, உடம்பு ஒட்டிக்கொண்டால், கடன் சுமையாகிவிட்டது என்று அர்த்தம்.

பிற்பகல் நான்கு மணிக்குக் காட்டின் மடியில் இன்னும் சொந்த வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கும். அப்போது ஃபிளாஷ் போடும் துளி, இருப்பதோடு சேர்ந்துகொள்ளும் கைமாற்று. ஆறு மணிக்குக் காட்டின் கையில் ஒன்றுமே இருக்காது. அப்போது மின்னல் அடித்தாலும் குருவி ஒன்பது நிறத்தோடும் விழும். ஆனால் அந்தி விழாது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் பறவை. மதியமா நள்ளிரவா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறுமணிக் குருவியின் படத்தில் ஆறு மணி இல்லாமல் போகும்.

அந்த நேரத்துக்குக் காட்டின் சொந்த வெளிச்சமே போதும் என்றால் ஷட்டர் ஒரு நொடி திறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டோம். பறவை அசைந்துவிடும், படம் கலைந்துவிடும். கேமராவை உறைக்குள் போட்டுவிட்டு நிற்கலாம். மரத்தடியில் எங்கிருந்தோ முதல் சுரம் ஏறும், இரண்டாவது சறுக்கி இறங்கும். அது கேட்டு முடிய ஆகும் நேரமும் கிட்டத்தட்ட ஒரு நொடிதான்.